மச்சாள் வீட்டு மெழுகுப்பூ

நான் முன்கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. "உன்னைக் கட்டப் போறவன் பாவம்" என்று என் அம்மா நான் சட்டை போடுகிற வயதிலேயே சொல்லிவிட்டார். கட்டினவர் பாவம்தான், ஆனால் தப்பிக்கத் தெரிந்த பாவம். வீட்டில் என் சத்தம் உயர்ந்தால் சைக்கிளுக்குக் காற்றில்லை என்று சொல்லி உருட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். அவர் அந்தச் சைக்கிளுக்கு அடித்த காற்றில் ஒரு பாய்க்கப்பலே ஓடியிருக்கும்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் கொழும்பில் நாங்கள் குடியிருந்த வாடகை வீடு எரிந்தது. உடுத்த உடுப்போடு, இரண்டு பெண்பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினோம். அதைப் பற்றி எழுத எனக்கு இன்றைக்கும் கை வராது. நான் எழுத வந்தது ஒரு பூங்கொடியைப் பற்றி. அதைவிட முக்கியமாக, என் மச்சாளைப் பற்றி.

மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. அரியாலையில் அவர் இருந்த வீடு அவருக்குச் சீதனமாக எழுதப்பட்டது. வீடு தயாராக இருந்தும் மாப்பிள்ளை அமையவில்லை. சாதகத்தில் செவ்வாய் எங்கேயோ பிழையான கட்டத்தில் போய் இருந்துகொண்டதாம். தாய் தகப்பனைக் கடைசிவரை பார்த்துவிட்டு, பிறகு அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். நாங்கள் நான்கு பேரும் அழுக்கும் வியர்வையுமாகப் படலையடியில் வந்து நின்றபோது, "வாங்கோ, முதல்லை குளியுங்கோ" என்று மட்டும் சொன்னார். கிணற்றடியில் தன் கையாலேயே தண்ணீர் அள்ளி என் தலையில் ஊற்றினார். தன்னுடைய நூல் சேலையை உடுக்கத் தந்தார். வெளிச்சமான முன்னறையை எங்களுக்கு விட்டுவிட்டு, குசினிக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறைக்குத் தன் பாயைக் கொண்டுபோனார். எவ்வளவு காலம் இருக்கப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறையும்.

ஆனால் நன்றி வேறு, சொந்தம் வேறு. விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்பார்கள். என் கணவருக்கு யாழ்ப்பாணத்துக்கே மாற்றம் கிடைத்துவிட்டதால் நாங்கள் வருடக்கணக்கில் அங்கேயே இருந்தோம். குசினியில் உப்புப் போத்தலை ஒரு பக்கம் நகர்த்தி வைக்கவும் எனக்குத் தயக்கமாக இருக்கும். மச்சாள் என்னை "நீர்" என்பார், நான் "நீங்கள்" என்பேன். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மரியாதை கூடின இடத்தில் காலை நீட்டி உட்கார முடியாது.

அடுத்த வருடம் சின்னவளைப் பாலர் வகுப்பில் சேர்ப்பது பற்றி விசாரிக்கக் குருநகர்ப் பக்கம் ஒரு கன்னியர் மடத்துக்குப் போனேன். அங்கே வரவேற்பறை யன்னலில் ஒரு கொடி தொங்கிக்கொண்டிருந்தது. தடித்த இலை, மெழுகு பூசின மாதிரி மினுக்கம். நடுவில் ஒரு கொத்துப் பூ. ஒவ்வொன்றும் சின்ன வெள்ளை நட்சத்திரம், அதற்குள் இன்னொரு சிவப்பு நட்சத்திரம். பிளாஸ்டிக் என்று நினைத்துத் தொட்டுப் பார்த்தேன். அதைக் கண்டுவிட்டு அங்கிருந்த சிஸ்டர் சிரித்தார்.

"உண்மைப் பூ தான் பிள்ளை. மெழுகுப்பூ எண்டு சொல்லுவம். கண்டியிலை இருந்து வந்தது. பொழுதுபடேக்கை வந்தியெண்டால் மணத்திலை இந்த இடத்தை விட்டுப் போகமாட்டாய்."

ஒரு துண்டு வெட்டி, ஈரப் பேப்பரில் சுற்றித் தந்தார். வெயில் முகத்தில் அடிக்கக் கூடாது, வெளிச்சம் வேண்டும், வேர் ஈரத்தில் நிற்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும், வகுப்பு எப்போது தொடங்குகிறது என்று கணவர் கேட்டார். கேட்கப் போனதை விட்டுவிட்டுக் கொடியோடு வந்து நிற்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நிலத்திலை ஊண்டுமன். எவ்வளவு காணி சும்மா கிடக்கு" என்றார் மச்சாள்.

"சோளகம் அடிச்சால் கருகிப்போம் மச்சாள்" என்றேன். அது பொய்யில்லை. சோளகக் காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும்போது எங்கள் வாழையிலையே நார் நாராகக் கிழியும். ஆனால் உண்மையான காரணம் வேறு. மற்றவரின் காணியில் ஒன்றை ஊன்ற எனக்கு மனம் வரவில்லை. டின்னில் வைத்தால் போகிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகலாம்.

வெறும் பால்மா டின் ஒன்றின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டேன். தென்னந்தும்பு, உடைந்த ஓட்டுத் துண்டு, அடுப்புக் கரி, கொஞ்சம் பழஞ்சாணி. கம்பி கட்டி முன்னறை யன்னலில் தூக்கினேன். எங்கள் கிணற்றில் தண்ணீர் கொஞ்சம் சவர். அதை ஊற்றினால் இலையில் வெள்ளையாகப் படியும். அதனால் மாரிமழையில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைத்து, அதைத்தான் ஊற்றுவேன். கொடி அவசரப்படாத சாதி. முதலில் இலையே இல்லாத நீண்ட தண்டு ஒன்றை விட்டுத் துழாவும், பிடிக்க ஒரு கம்பி கிடைத்த பிறகுதான் இலை வைக்கும். யன்னல் கம்பிகளில் அது ஒவ்வொன்றாக ஏறியது. ஏறின ஏற்றத்தைப் பார்ப்பதே எனக்கு வேலையாக இருந்தது. எரிந்த வீட்டுக்குப் பிறகு என்னுடையது என்று நான் விரல் நீட்டக்கூடிய ஒரே பொருள் அந்த டின்தான்.

எண்பத்தாறில் முதல் கொத்து வந்தது. பொழுதுபடும் நேரம் ஒவ்வொரு மொட்டாக விரிந்தது. அப்பப்பா, அந்த மணம்! அடுப்பில் இருந்து பாயாசம் இறக்கி வைத்த மாதிரி அறை முழுக்க நிறைந்தது. பிள்ளைகள் கட்டிலில் ஏறி நின்று கைதட்டினார்கள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். "இஞ்சாரும், நீர் சிரிச்சுக் கனகாலம்" என்றார் கணவர்.

விடியப் பார்த்தால் பூ இல்லை.

மச்சாளின் விடியற்காலையைச் சொல்ல வேண்டும். இருட்டோடு எழுந்து, குளித்து, ஈரத் தலையோடு பூத்தட்டை எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்குவார். நந்தியாவட்டை, செவ்வரத்தை, அலரி எல்லாம் பறித்துச் சாமியறையில் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் ஒரு வாய் தேத்தண்ணீர். பூ பறிக்கும்போது முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வார், மூச்சுக்கூடப் படக்கூடாது. ஒருநாள் சின்னவள் ஒரு பூவை மூக்கில் வைத்துவிட்டாள். "மணக்கக் கூடாது பிள்ளை, மணந்த பூ சாமிக்கு ஆகாது" என்று அதை வாங்கி வேலியோரம் போட்டுவிட்டார். அந்த வீட்டில் அதுதான் சட்டம். யாழ்ப்பாணத்தில் பாதி வீடுகளில் அதுதான் சட்டம்.

சாமியறைக்குப் போய்ப் பார்த்தேன். என் கொத்து காம்போடு பிள்ளையாரின் தலையில் இருந்தது.

"பாத்தீரோ, பிள்ளையாருக்கு எவ்வளவு வடிவாய் இருக்கெண்டு!" என்றார் மச்சாள். முகமெல்லாம் சந்தோசம்.

"ஓம் மச்சாள்" என்றேன். நேரே கிணற்றடிக்குப் போய்த் தேவையில்லாமல் வாளி வாளியாக அள்ளி ஊற்றினேன். பிறகு கணவரைப் பிடித்தேன். "இஞ்சாருங்கோ, உங்கடை கொக்கா என்ரை பூவைப் பிடுங்கிப்போட்டா!"

"சாமிக்குத்தானே வைச்சவ. கொண்டையிலையோ சொருகினவ?" என்றுவிட்டுச் சைக்கிளைப் பார்க்கப் போனார்.

மச்சாளில் பிழையில்லை, அதுதான் எனக்கு இன்னும் கோபம். பூவென்றால் சாமிக்கு. வீட்டுக்குள் தொங்கவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க ஒரு பூவா? அப்படி ஒரு நினைப்பு அவருக்கு வர வழியே இல்லை. நான் பிள்ளையாருக்காகத்தான் இவ்வளவு பாடுபடுகிறேன் என்று அவர் உண்மையிலேயே நம்பினார்.

அதற்குப் பிறகு கொடி வாயே திறக்கவில்லை. சாணி கூட்டிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன், திட்டிக்கூடப் பார்த்தேன். இந்திய ஆமி வீடு வீடாகச் சோதனை போட்ட காலத்தில் ஒரு சிப்பாய் டின்னுக்குள் கம்பி விட்டுக் குத்திப் பார்த்தான். அதற்கும் தப்பிப் பிழைத்து, கனகாலம் கழித்து இன்னோர் இடத்தில் மொட்டு வைத்தது. அது விரிந்த இரவு, நாளைக்கும் ஊரடங்கு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, முழுநாளும் பார்க்கலாம் என்று ஆசையோடு படுத்தேன். விடிய அந்தக் கொத்தும் காம்போடு பிள்ளையாரிடம் போய்விட்டது.

அன்றைக்குக் கணவரிடம் தீர்மானமாகச் சொன்னேன்: "வேறை வீடு பாருங்கோ. ஒரு பூவைப் பாக்கவும் குடுத்துவைக்காத வீட்டிலை நான் இருக்கமாட்டன்."

அவர் மிகுந்த உற்சாகத்தோடு வீடு கிடைக்காமல் பார்த்துக்கொண்டார். கடைசியில் நானே விசாரித்துச் சுன்னாகத்தில் ஒரு வீட்டைப் பிடித்தேன். வீட்டுக்காரர் கனடாவுக்குப் போகிறார்கள், விளக்கு வைக்க ஆள் இருந்தால் போதும் என்றார்கள். சித்திரை விடுமுறையில் மாறுவது என்று முடிவானது. அக்காவிடம் சொல்ல இவருக்கு நா எழவில்லை. நான்தான் சொன்னேன். மச்சாள் அப்போது தேங்காய் திருவிக்கொண்டிருந்தார்.

"பிள்ளையளுக்கு வசதி எண்டால் போங்கோ" என்றார். குனிந்த தலை நிமிரவில்லை. தேங்காய் முடிந்து சிரட்டைத் தூள் விழும்வரை திருவிக்கொண்டே இருந்தார். கறிக்குள் அன்றைக்குச் சிரட்டைத் தூள் கடிபட்டது.

தொண்ணூறாம் ஆண்டு தை மாதம் கொடி மூன்றாம் முறை மொட்டு வைத்தது. பின்னேரம் விரிந்தது. இந்த முறை விட்டேனா பார் என்று நான் இருட்டோடு எழுந்து யன்னலடியில் நின்றேன். மச்சாள் ஈரத் தலையும் பூத்தட்டுமாக வந்தார். கை நீளுவதற்குள் நான் குனிந்து, கொத்துக்குள் மூக்கைப் புதைத்து, வீடு கேட்க ஒரு மூச்சு இழுத்தேன்.

"ஐயையோ! மணந்துபோட்டீரே! இனி அது சாமிக்கு ஆகாதெல்லோ!"

"ஓம் மச்சாள். தெரிஞ்சுதான் மணந்தனான்."

"உமக்கென்ன விசரே?"

"விசர்தான். ரண்டு தரம் பூத்தது, ரண்டு தரமும் விடியமுன்னம் பிடுங்கிப்போட்டியள். எனக்கெண்டு இந்த வீட்டிலை என்ன கிடக்கு? இந்த டின் ஒண்டுதான். அதிலை பூக்கிறதை ஒருநாள் ஆறுதலாய்ப் பாக்கக் கூடாதோ நான்?"

வெளியே படலை திறக்கும் சத்தம் கேட்டது. சைக்கிள் புறப்பட்டுவிட்டது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பிள்ளை" என்றார் மச்சாள்.

"உங்கடை வீட்டிலை நிண்டுகொண்டு நான் என்னத்தைச் சொல்லுறது?"

"என்ரை வீடெண்டு நான் எப்பவாவது சொன்னனானோ?"

சொன்னதில்லை. ஒருநாள்கூடச் சொன்னதில்லை. நான் வாயை மூடினேன். அவர் மூடவில்லை.

"அந்தப் பூவை நான் என்ரை பேரிலையோ வைச்சனான்? உம்மடை பேரையும் உம்மடை பிள்ளையளின்ரை பேரையும் சொல்லித்தான் வைச்சனான். நீங்கள் வந்த நாள் தொடக்கம் அப்பிடித்தான். தட்டிலை எது வடிவான பூவோ, அது உங்களுக்கு."

சொல்லிவிட்டு முற்றத்தில் இறங்கிச் செவ்வரத்தையைப் பறிக்கத் தொடங்கினார். நான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கோபத்தில் அழுதேனா, வேறெதற்காகவா என்று எனக்கே தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் விடிய எனக்காக ஒருவர் கும்பிட்டிருக்கிறார், அது தெரியாமல் நான் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டு எழும்பியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் நேர்ப்பேச்சு இல்லை. "மாமியிட்டைச் சொல்லு, தேத்தண்ணி ஆறுதெண்டு." "அம்மாட்டைக் கேள், அரிசி காணுமோ எண்டு." பிள்ளைகள் தந்திக்காரர் மாதிரி ஓடித் திரிந்தார்கள். கொத்து மட்டும் என் ஆசைப்படியே யன்னலில் இருந்தது. பார்த்தேன், பார்த்தேன், ஆனால் நான் எதிர்பார்த்த சந்தோசத்தில் பாதிதான் வந்தது. பிறகு பூக்கள் தாமாக உதிர்ந்தன. எரிந்த தீக்குச்சி மாதிரி வெறும் காம்பு மிஞ்சியது. கிள்ளிவிட வேண்டும் என்று நினைத்தேன், நினைத்ததோடு சரி.

ஒருநாள் மத்தியானம் சந்தையிலிருந்து வழமையைவிட முந்தி வீட்டுக்கு வந்தேன். முன்னறையில் மச்சாள் ஈரத் துணியால் கொடியின் இலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் முகம் துடைக்கிற மாதிரி, அடியில் ஒரு கையைக் கொடுத்து. அவர் என்னைக் கவனிக்கவில்லை. நான் சத்தமில்லாமல் திரும்பிப் போய், படலையைப் பலமாக ஆட்டி, செருமிக்கொண்டு வந்தேன். துணி மறைந்துவிட்டது.

பங்குனியில் மச்சாள்தான் முதலில் வாய் திறந்தார். "இஞ்சை ஒருக்கா ஓடி வாரும்!" என்று அவர் கத்தின கத்தலில் பாம்பு என்று நினைத்து நான் தடியோடு ஓடினேன். யன்னலைக் காட்டினார். பட்டுப்போனது என்று நாங்கள் நினைத்த அதே காம்பின் நுனியில், கடுகளவில் புது மொட்டுகள்.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் பார்த்துப் பழகின எங்களுக்கு, உதிர்ந்த காம்பில் திரும்பப் பூக்கிற சாதி ஒன்று உண்டென்று தெரியாது.

"அப்ப நான் ரண்டு தரமும் காம்போடை முறிச்சதாலைதான்…"

"ஓம் மச்சாள். அதுதான் அது கனகாலம் பூக்கேல்லை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"எனக்கும் தெரியாதெல்லோ!"

என் கையில் இருந்த தடியைப் பார்த்துவிட்டு மச்சாள் முதலில் சிரித்தார். பிறகு நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது.

அதன் பிறகு கதைபேச்சு வழமைக்கு வந்தது. ஆனால் சுன்னாகம் சுன்னாகமாகவே இருந்தது. ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. வருடப்பிறப்பு கழிந்தது. பாத்திரங்களைச் சாக்கில் கட்டினோம். ட்ரக்டருக்குச் சொல்லியாயிற்று. நாளைக்கு விட்டு மறுநாள் மாறுவது என்றிருந்த பின்னேரம், கொத்து விரிந்தது. முந்தியதைவிடப் பெரிய கொத்து.

மச்சாள் சாமியறையில் விளக்கேற்ற நெருப்புப் பெட்டியோடு வந்தவர், மணம் அடித்ததில் முன்னறை வாசலில் நின்றுவிட்டார். நான் கூப்பிட்டேன்.

"மச்சாள், நான் இன்னும் மணக்கேல்லை. மூச்சைப் பிடிச்சுக்கொண்டுதான் கிட்டப் போய்ப் பாத்தனான், பிள்ளையளையும் விடேல்லை. விடிய நீங்கள் எடுங்கோ. காம்பை விட்டிட்டுப் பூவை மட்டும் ஒவ்வொண்டாய்க் கிள்ளி எடுங்கோ."

மனதாரத்தான் சொன்னேன். அந்த மனுசி எங்களுக்குச் செய்ததற்கெல்லாம் திருப்பிக் கொடுக்க அந்த வீட்டில் என்னிடம் வேறு என்ன இருந்தது?

மச்சாள் என்னைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். நெருப்புப் பெட்டியை யன்னல் ஓரத்தில் வைத்துவிட்டுக் கிட்ட வந்தார். திருநீறு பூசின நெற்றி கொத்தில் முட்ட, குனிந்து, மூக்கை வைத்தார்.

"மச்சாள்!" என்று கத்திவிட்டேன். "இனி சாமிக்கு…"

"சாமிக்கு முற்றம் நிறையப் பூக் கிடக்கு" என்றார், நிமிராமலே. பிறகு தலையைத் தூக்கினார். கண் நிறைந்திருந்தது. "அறிஞ்ச நாள் தொடக்கம் பூப் பிடுங்கிறன் பிள்ளை. ஒரு பூவையும் கிட்ட வைச்சு மணந்ததில்லை. இப்பிடியோ இருக்கும்?"

"ஓம் மச்சாள். இப்பிடித்தான் இருக்கும்."

மறுபடி குனிந்தார். பூவோடு கதைக்கிற மாதிரி, மெல்லமாகச் சொன்னார்:

"போகாதையும். எனக்குத் தனிய இருக்க ஏலாது."

நான் யன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன், கணவர் படலையடியில் சைக்கிளோடு நின்றுகொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டு, கட்டி வைத்த சாக்குகளை அவிழ்க்கச் சொன்னேன்.